அப்ளிகேஷனுக்குள் புகுந்த சர்வர்

அன்று சர்வருக்குள் அப்ளிகேஷனை வைத்தோம். இன்று அப்ளிகேஷனுக்குள் சர்வரை வைக்கிறோம். ஜாவாவில் இணையதளங்கள் கட்டிப் பிழைத்த என் தலைமுறை பார்த்த தலைகீழ் மாற்றங்கள் பல. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சென்னையில் டைடல் பார்க் திறந்து அதிக காலம் ஆகவில்லை. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய டாம்கேட்டை சன் நிறுவனம் 1999இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்திருந்தது. இலவசம் என்பதால் எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. வசதியுள்ளவர்கள் வெப்லாஜிக்கும் வெப்ஸ்பியரும் வாங்கினார்கள். அவற்றின் உரிமக் கட்டணம் இயந்திரத்தின் விலையையே தாண்டிப் போகும். நாங்கள் எழுதிய நிரல்கள் அனைத்தையும் ஒரே வார் கோப்பாகக் கட்டி, டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போடுவோம். சர்வர் அதைப் பிரித்து ஓட்டும். ஒரே டாம்கேட்டில் நான்கைந்து வாடிக்கையாளர்களின் அப்ளிகேஷன்கள் குடியிருக்கும். ஒன்று மெமரியை அடைத்துக்கொண்டால் மற்றவையும் சேர்ந்து விழும்.

சர்வர் ரூமுக்கு ஒரே சாவி. அது சிஸ்டம் அட்மினிடம் இருக்கும். கத்தரி வெயிலிலும் உள்ளே போக ஸ்வெட்டர் வேண்டும். ஒரு பக்கம் யுபிஎஸ் பேட்டரிகள், இன்னொரு பக்கம் தினமும் மாற்றவேண்டிய பேக்கப் டேப்புகள். புது சர்வர் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். அதன்பின் டீலர் கொண்டுவந்து இறக்க வாரக்கணக்கில் ஆகும். எங்கள் மேஜைக் கணினிகளுக்கு ரிச்சி தெருவில் மெமரி வாங்கி நாங்களே மாட்டிக்கொள்ளலாம். சர்வருக்கு அது ஆகாது.

அந்த அட்மினிடம் போய் டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது எளிதல்ல.

"என்னம்மா, உன் அப்ளிகேஷன் மறுபடியும் மெமரியத் தின்னுடுச்சா?"

"பெர்ம்ஜென் எரர் சார்."

"பெர்ம்ஜென் ஏன் நிறைஞ்சுதுன்னு சொல்லு, ரீஸ்டார்ட் பண்றேன். மொதல்ல லாகைப் படி."

படித்தால்தான் தெரிந்தது. ஜாவா தன் கிளாஸ்களை வைத்துக்கொள்ள பெர்ம்ஜென் என்று தனி இடம் ஒதுக்கும். சர்வரை நிறுத்தாமல் புது வார் கோப்பைப் போட்டால் பழைய கிளாஸ்கள் போய்விட வேண்டும். ஆனால் எங்கோ ஒரு திரெட்டோ, டேட்டாபேஸ் டிரைவரோ அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்; அவை போகாது. பத்து முறை டிப்ளாய் செய்தால் பத்து தலைமுறை கிளாஸ்கள் அங்கே தங்கிவிடும். 2014இல் வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்னையே எடுத்துவிட்டது. ஆனால் அந்தப் பிழையின் காரணத்தைத் தேடிய நாட்களில் மெமரி பற்றிக் கற்றுக்கொண்டது இன்றும் எனக்குச் சோறு போடுகிறது.

பிரேம்வொர்க்குகளின் கதை தனி. ஈஜேபி என்ற முறையில் ஒரு கணக்கைப் போட்டுத் திருப்பித்தர ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், அவற்றை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு என்று வரிசையாக எழுதவேண்டும். இவ்வளவு தேவையா என்று 2002இல் ராட் ஜான்சன் ஒரு புத்தகம் எழுதிக் கேட்டார். அந்தப் புத்தகத்தோடு வந்த நிரலிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங். அதன் முதல் பதிப்பு 2004இல் வந்தது. அதே காலத்தில் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் ரூபி ஆன் ரெயில்ஸை வெளியிட்டார். 2005இல் கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை அலுவலகம் ஒன்றிலிருந்து ஜாங்கோ வந்தது. நிரல் எழுதுவது திடீரென்று மனிதர் செய்யக்கூடிய வேலையாயிற்று. அதை ஓட்டுவது மட்டும் பழையபடி சாவிக்காரரின் கையில் இருந்தது.

அதன் முழு வலியும் தேர்வு முடிவு நாளில்தான் தெரியும். ஒரு பெரிய கல்வி அமைப்பின் முடிவுகளை வெளியிடும் வேலை எங்களிடம் இருந்தது. வருடம் முழுக்க அந்தத் தளத்துக்கு ஆளே வராது. முடிவு நாளன்று காலை பத்து மணிக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிரவுசிங் சென்டர்களில் வரிசை கட்டி நின்று திறப்பார்கள். டாம்கேட்டில் ஒரு வேண்டுகோளுக்கு ஒரு திரெட். நாங்களாக மாற்றாவிட்டால் அதிகபட்சம் 200 திரெட். அந்த 200 பேரும் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கையில் அடுத்த ஆயிரம் பேர் வெளியே நிற்பார்கள். பக்கம் வராததால் ஒவ்வொருவரும் மறுபடி மறுபடி ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள். கூட்டம் தானாகவே இரட்டிக்கும். கைவிட்டுப் போனவரின் பழைய வேண்டுகோளுக்கும் சர்வர் பதில் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதை வாங்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அப்பாக்கள் அலுவலகத்துக்கே போன் செய்து பதிவு எண்ணைச் சொல்வார்கள். நாங்கள் டேட்டாபேஸில் நேரடியாகப் பார்த்து மதிப்பெண் சொல்வோம். எதிர்முனையில் ஒரு பெண் அழுவது கேட்கும். பாஸா ஃபெயிலா என்பது தெரிவதற்கு முன்பே அழுவாள். ஒரு நாள் கூட்டத்துக்காக இருபது சர்வர் வாங்கு என்று எந்த முதலாளியிடமும் சொல்லமுடியாது. மீதி 364 நாள் அவை சும்மா நிற்கும்.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்பையும், ஆகஸ்டில் இசி2 என்ற வாடகைக் கணினியையும் திறந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு சிறு குழு உருவாக்கியது இசி2. 1.75 ஜிபி மெமரி, 160 ஜிபி டிஸ்க், மணிக்குப் பத்து சென்ட். அன்றைய மதிப்பில் ஐந்து ரூபாய்க்குள். மூன்று கையெழுத்துக்குப் பதில் ஒரு கிரெடிட் கார்டு. அந்த இயந்திரத்தை விட்டுவிட்டால் அதன் டிஸ்க்கில் இருந்த எல்லாமும் போய்விடும் என்பதைக் கேட்டு எங்கள் அட்மின் அதிர்ந்தார். நிலையான டிஸ்க் வசதி 2008இல்தான் வந்தது. ஆனால் அந்தக் குறைதான் எங்களுக்குப் பெரிய பாடம் நடத்தியது: இயந்திரத்தில் எதையும் வைக்காதே, இயந்திரம் போகும். ஹெரோகு என்ற நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 2011இல் எழுதிய பன்னிரண்டு விதிகளில் இதுவும் ஒன்று. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றும் முறை அது.

சிங்கப்பூரில் அமேசானின் தரவு மைய மண்டலம் 2010இல் திறந்தது. அதன்பின் ஒரு தேர்வு முடிவு நாளை நாங்கள் அங்கிருந்து நடத்தினோம். திருநெல்வேலி மாணவியின் மதிப்பெண் வங்காள விரிகுடாவுக்கு அடியில் ஓடும் கேபிள் வழியாகச் சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் வந்தால் இயந்திரங்கள் தானாகப் பெருகும் என்று விளம்பரம் சொன்னது. தேர்வு முடிவுக்கு அது போதாது. புது இயந்திரம் எழுந்து, ஜாவா எழுந்து, டாம்கேட் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். எங்கள் கூட்டமோ பத்து மணி அடித்த அந்த நொடியில் முழுதாக வந்து நிற்பது. வாசலில் நின்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரையும் பெரிதாக்கி வைக்கும்படி அன்று முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். ஆகவே எட்டு மணிக்கே எல்லாவற்றையும் ஏற்றிவைத்தோம். பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. போன் அடிக்கவில்லை. மதியம் எல்லாவற்றையும் அணைத்தோம். எங்கள் அட்மின் அன்று சொன்னதை மறக்கமாட்டேன்: "இத்தனை வருஷமா அந்தப் பிள்ளைங்களக் காக்க வெச்சிருக்க வேண்டாம்மா." கிளவுட் என்ற இந்த வாடகை முறையைக் குறை சொல்ல உட்காரும்போதெல்லாம் இதைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று அதே வேலைக்கு அப்ளிகேஷன் சர்வரே தேவையில்லை. வெளியான பிறகு மதிப்பெண் மாறப்போவதில்லை. ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் பக்கத்தை முதல்நாளே தயாரித்து, கோப்புகளாக அடுக்கி, பயனருக்கு அருகிலுள்ள சிடிஎன் சர்வரில் வைத்துவிட்டால் போதும். ஈஜேபியும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். மிகப் பெரிய கூட்டத்தைத் தாங்குவது மிக எளிய கோப்புதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இன்னொரு தலைகீழ் மாற்றத்தைப் பார்த்தேன். அதற்குமுன் சென்னையில் கரண்ட் போனால் எங்கள் தளம் போகும். நாங்கள் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் பார்ப்போம். அந்த வாரம் விமான நிலையம் மூடிக் கிடந்தது. 1878இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அதன் ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எங்கள் பகுதியில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. எங்கள் அப்ளிகேஷன் மட்டும் சிங்கப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதை ஓட்டுகிறவர்கள் உயிரோடு இருக்கிறோமா என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியவில்லை. தளம் திறந்ததால் நாங்கள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டார்களாம். வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். 2016 ஜூனில் அமேசான் மும்பையில் மண்டலம் திறந்தது. கேபிள் பயணம் குறைந்தது.

இதற்குள், அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்ற பெட்டிக்குள் கட்டும் டாக்கரை 2013இல் சாலமன் ஹைக்ஸ் காட்டியிருந்தார். அந்தக் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸை 2014இல் கூகுள் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பிரிங் பூட்டின் முதல் பதிப்பு வந்தது. ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட் ஒரு லைப்ரரி. நம் நிரலோடு சேர்த்து ஒரே ஜார் கோப்பாகக் கட்டிவிடலாம். எந்தக் கட்டடத்துக்குள் அப்ளிகேஷனைக் குடிவைத்தோமோ, அந்தக் கட்டடத்தையே அது இப்போது மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. ஒரே டாம்கேட்டில் ஐந்து பேர் குடியிருந்த தொல்லை ஒழிந்தது. ஆளுக்கொரு டாம்கேட், ஆளுக்கொரு கன்டெய்னர். உண்மையான முன்னேற்றம் இது. ஆனால் எக்ஸ்எம்எல்லிலிருந்து தப்பிவந்த நாங்கள், அந்தக் கன்டெய்னர்களை விவரிக்க அதைவிட நீளமான யாம்எல் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு இடைவெளி தவறினால் எதுவும் ஓடாது. ராட் ஜான்சன் 2002இல் கேட்ட கேள்வியை இன்று யாராவது மறுபடி கேட்கவேண்டும்.

என் மனதை உண்மையில் உறுத்துவது வேறு. எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு தம்பியிடம் ஒரு சர்வீஸ் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்டேன்.

"பாட் அப்பப்போ ரீஸ்டார்ட் ஆகுதுக்கா. குபர்னெட்டிஸ் தானா எழுப்பி விட்டுடும். பிரச்சினை இல்ல."

அந்த சர்வீஸின் கன்டெய்னர் ஓடும் பாட் மாதக்கணக்கில் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. காரணம் இதுதான். நாம் எல்லை சொல்லாவிட்டால் ஜாவா தான் பார்க்கும் மெமரியில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும். பழைய ஜாவா பதிப்புகளுக்குக் கன்டெய்னரின் வேலி தெரியாது; முழு இயந்திரத்தின் மெமரியைப் பார்த்துக் கணக்குப் போடும். கன்டெய்னருக்குக் கொடுத்ததோ மிகக் கொஞ்சம். அளவு மீறியதும் லினக்ஸ் கர்னல் அதைக் கொன்றுவிடும். ஜாவா ஒரு பிழைச்செய்தி எழுதக்கூட நேரம் இருக்காது. புது கன்டெய்னர் எழும். பழையதன் லாகை வேறிடத்தில் சேமிக்காவிட்டால் அதுவும் கூடவே போய்விடும். 64 ஜிபி இயந்திரத்தில் 1 ஜிபி கன்டெய்னர் வைத்தால் ஜாவா 16 ஜிபிக்குத் திட்டம் போடும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தம்பி உடனே புரிந்துகொண்டான். அவன் கெட்டிக்காரன். அதுவரை யாரும் அவனிடம் சாவி கொடுத்ததும் இல்லை, லாகைப் படி என்று சொன்னதும் இல்லை. அன்று ஒரு சர்வர் விழுந்தால் அலுவலகமே எழுந்து நிற்கும். இன்று நாள் முழுக்க விழுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை. விழுந்ததை மறைப்பதையும் சரிசெய்வதையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் ஆபத்தானது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் ஓட்டை இருப்பது தெரிந்தபோது, உள்ளே இருப்பதைப் பார்க்காததன் விலையைக் கொடுத்தோம். லாகில் எழுதப்படும் ஒரு வரியை வைத்தே வெளியாள் நம் சர்வரில் தன் நிரலை ஓட்டிவிடலாம் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. நம்மிடம் அந்த லைப்ரரி எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு இயந்திரம் இருந்த காலத்தில் ஒரே கட்டளையில் தேடிச் சொல்லியிருப்போம். இப்போது அப்ளிகேஷனுக்குள் சர்வர், அதற்குள் லைப்ரரி, அதற்குள் லைப்ரரி. ஒவ்வொரு கன்டெய்னர் இமேஜையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பளம் வாங்காத சில தன்னார்வலர்கள் பராமரித்த அந்த லைப்ரரியின்மேல் உலகத்தின் பெரிய நிறுவனங்கள் பல நின்றுகொண்டிருந்தன.

பணம் பற்றியும் சொல்லவேண்டும். அன்று இயந்திரம் போதாது என்று பயம். இன்று இயந்திரம் கூடிவிடுமோ என்று பயம். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சோதனைக்காக ஏற்றிய இயந்திரங்கள் பொங்கல் விடுமுறை முழுக்க ஓடி, பில் வந்தபிறகே தெரியவந்தது. வாங்கும்முன் மூன்று கையெழுத்து இருந்த இடத்தில், செலவானபின் மூன்று விசாரணை.

ரெயில்ஸை உருவாக்கிய ஹான்சனின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் கிளவுடுக்குச் செலவழித்தது 32 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கித் தன் அப்ளிகேஷன்களைக் கிளவுடிலிருந்து இறக்கிக்கொண்டது. 2023இல் அமேசானின் பிரைம் வீடியோ குழுவே, வீடியோவின் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியைப் பல சிறு சர்வீஸ்களிலிருந்து ஒரே அப்ளிகேஷனாக மாற்றி 90 சதவீதம் செலவைக் குறைத்ததாக எழுதியது. நம் ஊரின் சோஹோ தன் சேவைகளைச் சொந்தத் தரவு மையங்களிலிருந்தே நடத்துகிறது. இவற்றைப் பார்த்துக் கிளவுட் ஒரு மோசடி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஓடும் வேலைக்குச் சொந்த இயந்திரம் மலிவு. ஒரு நாள் பொங்கி மறுநாள் வடியும் வேலைக்கு வாடகை இயந்திரம் மலிவு. எது தன் வேலை என்று கணக்குப் பார்க்காமல் எல்லோரும் போகிறார்கள் என்று போவதுதான் தவறு. எல்லோரும் திரும்புகிறார்கள் என்று திரும்புவதும் அதே தவறு.

நம்பகத்தன்மைக்கும் இதே கணக்குதான். 2017 பிப்ரவரி 28 அன்று வடக்கு வர்ஜீனியாவில் ஒரு பொறியாளர் கொடுத்த கட்டளையில் ஒரு உள்ளீடு பிழையாகி, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகி, எஸ்3 மணிக்கணக்கில் நின்றது. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் பலகையும் எஸ்3யை நம்பியிருந்ததால், கோளாறைக் காட்ட அதனாலும் முடியவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அதே வர்ஜீனியாவில் ஒரு டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் முகவரி காலியானது. உலகெங்கும் பல தளங்கள் சேர்ந்து விழுந்தன. எங்கள் சர்வர் ரூமில் ஏசி நின்றால் எங்கள் தளம் மட்டும்தான் போகும்.

நேர்காணலில் எதிரே உட்காரும் பிள்ளைகள் இந்தச் சேவைகளின் பெயர்களையெல்லாம் சரளமாகச் சொல்கிறார்கள். திரெட் என்றால் என்ன, ஒரு வேண்டுகோள் எங்கே காத்திருக்கிறது என்று கேட்டால் திகைக்கிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. பொறியியல் கல்லூரிகளில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒதுக்கிப்போட்ட ஒரு பழைய கணினியை எடுத்து லினக்ஸ் ஏற்றுங்கள். மாணவர்கள் தாங்கள் எழுதியதை அதில் ஓட்டட்டும். ஜேமீட்டர் போன்ற இலவசக் கருவியால் அது விழும்வரை கூட்டத்தை ஏவட்டும். ஏன் விழுந்தது என்று லாகைப் படித்து எழுதி வரட்டும். அதன்பின் கிளவுட் பாடத்துக்குப் போகலாம். கெடுத்துவிடுவார்களோ என்று பயப்படாமல், அந்தக் கணினியின் ரூட் பாஸ்வேர்டை அவர்கள் கையில் கொடுங்கள்.